நாள் முழுக்க விளையாட்டா?

கேள்வி: நான்கு வயது மகள் பள்ளியில் விளையாடிவிட்டு மட்டுமே வருகிறாள். நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. எப்போதுதான் படிப்பாள்?

பதில்: படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் மரக்கட்டைகளை அடுக்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். நீளக் கட்டை தீர்ந்துபோனால் இரண்டு குட்டைக் கட்டைகளைச் சேர்த்து அதே நீளம் வருகிறதா என்று வைத்துப் பார்ப்பாள். கோபுரம் சரிந்தால் அகலமான கட்டையை அடியில் போடுவாள். அளவும் கூட்டலும் எடைச் சமநிலையும் கைவழியே உள்ளே போகின்றன. இதையே பலகையில் எழுதிப் போட்டால் இந்த வயதில் ஏறாது.

ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1837-இல் சின்னப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியும் பந்தையும் மரக்கட்டையையும் வைத்துத்தான் நடந்தது. கிண்டர்கார்டன் என்ற பெயரே அவர் வைத்ததுதான். அதே பெயரில் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை.

எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். களிமண் பிசையட்டும், மணி கோக்கட்டும், கத்தரிக்கோலால் காகிதம் வெட்டட்டும். பென்சிலைப் பிடிக்கப் போவதும் அதே விரல்கள்தானே.

கேள்வி: இரண்டரை வயது மகன் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தும் தனியாகவே விளையாடுகிறான். கூச்சமா?

பதில்: வயது அப்படி. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரட் பார்ட்டன் 1932-இலேயே இதை இணை விளையாட்டு என்று தனியாகப் பிரித்துக் காட்டினார். சேர்ந்து திட்டம் போட்டு விளையாடுவது பின்னால் வரும். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: செல்போனில் எழுத்து விளையாட்டு?

பதில்: திரையில் விழும் கட்டைக்குக் கனம் கிடையாது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதற்கும் குறைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நான் கூட உட்கார்ந்து "இது என்ன நிறம், எத்தனை இருக்கு?" என்று கேட்டால் மகன் எழுந்து போய்விடுகிறான்.

பதில்: அவனுக்கு அது பரீட்சையாகப் படுகிறது. ஆட்டத்தை அவனே நடத்தட்டும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டுகிறானா? சரி, நீங்கள் பயணியாக ஏறுங்கள். இரண்டு டிக்கெட் கேளுங்கள். ஒன்றுதான் கொடுத்தானென்றால், "பாட்டியும் வர்றாங்களே" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.