கம்பளி போட்டும் அப்பாவுக்கு இளைப்பது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. கடையத்தில் பால் வியாபாரம் செய்கிறார். விடிகாலை 4 மணிக்கு பைக்கில் கேன்களோடு கிளம்பினால் வீடு திரும்ப 7 மணி ஆகும். ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறார். மார்கழி, தை வந்தால் இளைப்பும் இருமலும் படுத்தி எடுக்கிறது. சாலையோரக் கடையில் கனமான ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கழுத்தெல்லாம் அரிக்கிறது, கம்பளி அலர்ஜி என்கிறார். அதைப் போட்டும் குளிர் விட்டபாடில்லை. அதற்கு முந்தைய ஸ்வெட்டர் இரண்டே துவையலில் சுருங்கிவிட்டது. நன்றாக உழைக்கிற கம்பளி ஸ்வெட்டர் எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகர், கடையம்

மருத்துவர் பதில்: குளிருக்கு ஸ்வெட்டர் போதும். இளைப்புக்குப் போதாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வருஷத்துக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கியும் இருமல் நிற்கவில்லை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் ஒரு நாளில் மிகவும் சுருங்கியிருப்பது விடிகாலை 4 மணியை ஒட்டித்தான். கோடையிலும் அப்படித்தான், அது உடம்பின் கடிகாரம். அப்பா சரியாக அந்த நேரத்தில் வண்டியை எடுக்கிறார். காற்றோட்டம் இல்லாத பனிக்காலையில் குப்பை எரித்த புகையும் வைக்கோல் புகையும் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூக்கில் சூடாகி ஈரமாகிப் போகவேண்டிய காற்று அப்படியே நெஞ்சுக்குள் இறங்கும். நெஞ்சின் மேல் எத்தனை கம்பளி சுற்றினாலும் உள்ளே போகும் காற்று மாறாது. தலைக்கும் காதுக்கும் மப்ளர் இறுக்கிக் கட்டிவிட்டு மூக்கைத் திறந்து போட்டுக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். பருத்தித் துண்டை இரண்டு மடிப்பாக மடித்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டி, அதன்மேல் முழு ஹெல்மெட் போட்டு கண்ணாடியை இறக்கிவிடச் சொல்லுங்கள். துண்டு குளிரைத் தணிக்கும், புகையை அவ்வளவாக வடிகட்டாது. புகை மண்டிய பாதை என்றால் என்95 மாஸ்க் நல்லது.

இனி ஸ்வெட்டர். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்கித் தருவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுருள் சுருளான இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காக்கிறது. நின்றுகொண்டிருப்பவருக்கு இது சரி. 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக் ஓடும்போது எதிர்க்காற்று பின்னல் கண்ணிகளுக்குள் புகுந்து அந்தச் சூடான காற்றைத் துடைத்துக்கொண்டு போய்விடும். கனமான ஸ்வெட்டர் போட்டும் குளிர்வது இதனால்தான். மேலே காற்றுப் புகாத மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று வேண்டும். பழைய ஆட்கள் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவார்கள். கேலி செய்ய ஒன்றுமில்லை, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிளாஸ்டிக் மழைக்கோட்டு மட்டும் வேண்டாம். வேர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளே நனைந்து, வண்டியை நிறுத்தியதும் நடுக்கம் வரும்.

விண்ட்சீட்டர் இருந்தால் ஸ்வெட்டர் கனமாக இருக்கத் தேவையில்லை. கடையம், அம்பாசமுத்திரம் பக்கத்து மார்கழிக்கு 300 கிராம் எடையை ஒட்டிய மெல்லிய கம்பளி போதும். கேன் தூக்கி இறக்குகிறவருக்கு 6 மணிக்கே வேர்த்துவிடும், அதனால் முன்பக்கம் ஜிப் வைத்ததாக எடுங்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் நசநசக்காது. விடிகாலை பனிக்கும் உழைக்கிறவரின் வேர்வைக்கும் அது பொருந்துவது இதனால்தான். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து மாதிரி மலைமேல் வெளிவேலை என்றால் கணக்கு வேறு. அங்கே 600 கிராமுக்குக் குறையாத, நெருக்கிப் பின்னிய கம்பளியும் மேலே நல்ல மழைக்கோட்டும் வேண்டும். அந்த மழையில் கம்பளி முழுக்க நனைந்தால் தூக்கமுடியாத கனமாகிவிடும், காயவும் நாளாகும்.

அரிப்புக்கு வருவோம். முதலில் பிடரியில் உறுத்தும் லேபிளை வெட்டிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அலர்ஜி அல்ல, இழையின் பருமன். 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் நுனி வளையாமல் தோலைக் குத்தும், அந்தக் குத்தலைத்தான் அரிப்பு என்கிறோம். மெரினோ என்ற செம்மறி இனத்தின் கம்பளி 20 மைக்ரானை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதால் நுனி வளைந்துகொடுக்கும். உண்மையான கம்பளி அலர்ஜி அரிது. அதில் தோல் சிவந்து தடித்து, ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகும் நாள்கணக்கில் இருக்கும். கரப்பான் என்னும் தோல் நோய் (எக்ஸிமா) உள்ளவர்களுக்கு முரட்டுக் கம்பளி ஆகவே ஆகாது. கடையில் உள்ளங்கையால் தடவிப் பார்த்து வாங்காதீர்கள், உழைத்துத் தடித்த கைக்கு எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். கழுத்தோரத்தில் ஐந்து நிமிடம் ஒட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவானாலும் உள்ளே காலர் வைத்த பருத்திச் சட்டை இருக்கட்டும்.

சாலையோரத்தில் கம்பளி என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அது மோசமான துணி என்று சொல்லமாட்டேன், விலை குறைவு, துவைப்பது சுலபம். ஆனால் வேர்வையை உறிஞ்சாது, சீக்கிரம் உருண்டை உருண்டையாகத் திரளும். லேபிளில் 100 சதவீதம் வுல் என்றோ வுல்மார்க் முத்திரையோ இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் என்றால், வாங்கிய பிறகு உள்தையலிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, தீயை விலக்கியதும் அணைந்துவிடும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கருப்பு மணியாக நிற்கும்.

உழைக்குமா என்பதை மணிக்கட்டுப் பட்டை சொல்லிவிடும். இழுத்து விட்டால் உடனே பழைய அகலத்துக்கு வரவேண்டும், தொளதொளவென்று நின்றால் வைத்துவிடுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடை மாதிரி தெரியக்கூடாது. நூல் இரண்டு புரி முறுக்கியதாக இருந்தால் முழங்கை சீக்கிரம் தேயாது. பைக்கில் குனிந்து உட்காரும்போது இடுப்பு தெரியாதபடி நான்கு விரல் கூடுதல் நீளம் வேண்டும். கேன் கொக்கியில் மாட்டி நூல் வெளியே வந்தால் வெட்டாதீர்கள், ஊசியால் உட்பக்கம் இழுத்துவிடுங்கள். வெட்டினால் அந்த இடத்திலிருந்து பின்னல் பிரியும்.

சுருங்கிய ஸ்வெட்டர் உண்மையான கம்பளியாகத்தான் இருந்திருக்கும்! கம்பளி இழையில் மீன் செதில் போலச் செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் அடியும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று சிக்கி இறுகும், பிறகு பிரிக்க முடியாது. ஆகவே துவைகல்லும் வாஷிங் மெஷினும் கூடாது. ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் தலைக்குப் போடும் ஷாம்பூ இரண்டு சிறிய ஸ்பூன் கலந்து, 10 நிமிடம் ஊறவைத்து, அமுக்கி அமுக்கி எடுங்கள். கறை நீக்கும் என்சைம் பவுடர்களும் வேண்டாம், அவற்றில் சில கம்பளியின் புரதத்தையே அரிக்கும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் நார்க்கட்டிலில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் தொங்கி நீண்டுவிடும். தினமும் துவைக்கத் தேவையில்லை, காற்றாட விட்டால் போதும். பால் சிந்திய இடத்தை மட்டும் அன்றே அலசிவிடுங்கள், பூச்சி அரிப்பது அங்கேதான் தொடங்கும்.

மாசியில் துவைத்து நன்றாகக் காயவைத்து, இறுக மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். அடுத்த கார்த்திகையில் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒன்பது மாதத் தூசியும் அதிலுள்ள நுண்ணிய பூச்சிகளும் இளைப்பைக் கிளப்ப அதுவே போதும். ஒருமுறை அலசிவிட்டுக் கொடுங்கள். அந்துருண்டை வாடையும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் குழந்தைத் துணியோடு அந்துருண்டை போடவே கூடாது. ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அது ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும்.

58 வயதில் விடிகாலையில் நெஞ்சு இறுகுவதெல்லாம் ஆஸ்துமா என்று விட்டுவிடவும் கூடாது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். கேன் தூக்கும்போது இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை இருந்தால் தாமதிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுக்கவேண்டும். ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேசமுடியாத இளைப்பு, உதடு நீலம் பாய்வது, இன்ஹேலர் அடித்தும் தணியாதது, இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள்.

இன்ஹேலர் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எது என்று சொல்லவில்லை. இளைக்கும்போது மட்டும் அடிக்கும் ஒன்றையே வைத்து மார்கழியை ஓட்டுகிறார் என்றால் அது போதாது. இளைப்பு வராமல் தடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கார்த்திகையிலிருந்தே தினமும் எடுக்கவேண்டியிருக்கலாம், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் அமையாமல், மருந்து தொண்டையிலேயே நின்றுவிடுவது பலருக்கும் நடக்கிறது.