பதில்: 'டு லிவ்' படத்தில் பிரசவக் காட்சி புரியவில்லை

'டு லிவ்' என்ற சீனப் படத்தில், ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க ஏன் சின்னப் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள், டாக்டரை ஏன் கழுத்தில் அட்டையோடு கூட்டி வருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

1966-இல் மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சியில் பேராசிரியர்கள், மருத்துவர்கள் போன்ற படித்தவர்களே குறிவைக்கப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்த இடத்துக்கு 'மாட்டுத் தொழுவம்' என்றே பெயர். கழுத்தில் தொங்கும் அட்டை குற்றப் பட்டம். அனுபவசாலிகளை விரட்டிவிட்டு மாணவிகள் ஆஸ்பத்திரியை நடத்துகிறார்கள். கதாநாயகன் ஃபூகுயின் மகள் ஃபெங்சியாவுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காதபோது அவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அப்புறம் அந்த பன்கள். டாக்டர் பல நாள் பட்டினி. பரிதாபப்பட்டு ஃபூகுய் ஏழு பன் வாங்கித் தருகிறார். எல்லாவற்றையும் விழுங்கித் தண்ணீர் குடித்ததும் அவை வயிற்றில் ஊதி, டாக்டரால் எழவே முடியவில்லை. பிற்பாடு கல்லறையில், 'ஏழு வாங்கியிருக்கக் கூடாது' என்று அந்த அப்பா தன்னையே நொந்துகொள்வதைக் கவனியுங்கள். மகளைக் கொன்றது அரசியல், பழியைச் சுமப்பதோ பசித்தவருக்குச் சோறு போட்டவர். எனக்குப் படத்திலேயே மிகவும் வலித்த இடம் அதுதான்.

சீனாவில் படத்தைத் திரையிட விடவில்லை. ஃபூகுயாக நடித்த கே யூவுக்கு 1994-இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அந்தக் கல்லறைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள்.