பிக்கப்புக்குப் பிக்கப் கூட்டும் பெட்டி: வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பிக்கப் வண்டிகளின் ஒயரிங்கில் இடையே செருகினால் இழுவையும் மைலேஜும் கூடும் என்று விற்கப்படும் ட்யூனிங் பெட்டிகளை வாங்கலாமா என்பதே வாசகர்களின் ஐயம். ஒரே மாதிரியானவற்றைத் தவிர்த்து, மற்றவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என்னிடம் இசுசு வி-கிராஸ் 1.9 லிட்டர் டீசல் வண்டி, பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) மாடல், உள்ளது. வாரம் இருமுறை வால்பாறைக்கு ஏறி இறங்குகிறேன். இன்ஜினில் ஒயர்களை இணைக்கும் ஒரு கப்ளரைக் கழற்றி, நடுவில் சிறிய பெட்டி ஒன்றைப் பொருத்தினால் 40 குதிரைத்திறன் கூடும், பத்து நிமிட வேலைதான் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
வாசகர், பொள்ளாச்சி

பத்து நிமிட வேலை என்பது உண்மை. 40 குதிரைத்திறன் என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் டீசல், அதை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் முன் காமன் ரெயில் என்னும் தடித்த எஃகுக் குழாயில் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கிறது. அந்தக் குழாயின் முனையில் ஒரு சென்சாரும் அதிலிருந்து மூன்று ஒயர்களும் இருக்கும். ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, இன்னொன்று எர்த், மூன்றாவது ஒயர் அழுத்தத்தை வோல்ட் அளவாக மாற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வுக்குத் தெரிவிக்கிறது. அழுத்தமே இல்லாதபோது அரை வோல்ட், உச்ச அழுத்தத்தில் நாலரை வோல்ட் என்பது பொதுவான ஏற்பாடு. கடைக்காரர் கழற்றுவதாகச் சொன்ன கப்ளர் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பெட்டி அந்த மூன்றாவது ஒயரில் உட்கார்ந்துகொண்டு, உள்ளதைக் குறைத்துச் சொல்லும். சென்சாரின் உச்ச அளவு 2000 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். ரெயிலில் 1200 பார் இருக்கும்போது சென்சார் 2.9 வோல்ட் தரும். பெட்டி அதை 2.7 ஆக்கி அனுப்பும். 1100 பார்தான் இருக்கிறது என்று நம்பும் ஈ.சி.யூ., தன் கணக்கில் 1200 வரும்வரை, அதாவது உண்மையில் 1300 ஆகும்வரை, அழுத்தத்தை ஏற்றும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாமலே சற்றுக் கூடுதலான டீசல் உள்ளே போகும். இந்தப் பெட்டியின் சூட்சுமம் முழுவதும் இவ்வளவுதான்.

இப்போது கணக்கு. ஒரு துளை வழியே பாயும் திரவத்தின் அளவு, அழுத்தம் கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். 1200 பாரை 1300 ஆக்கினால் அழுத்தம் 8 விழுக்காடு உயர்கிறது, டீசலோ ஏறக்குறைய 4 விழுக்காடுதான் கூடுகிறது. உங்கள் இன்ஜினின் திறன் 163 குதிரைத்திறன். கூடுதல் டீசல் முழுவதும் வீணாகாமல் எரிந்தாலும் ஆறரைக் குதிரைத்திறன் கிடைக்கும். கடைக்காரர் சொல்லும் 40 என்பது 25 விழுக்காடு. அதற்கு ரெயில் அழுத்தத்தை ஒன்றரை மடங்குக்கும் மேலே கொண்டுபோக வேண்டும். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்திருக்கும்போது அழுத்தம் ஏற்கெனவே தன் மேல்வரம்பை ஒட்டித்தான் நிற்கும் என்பதால், அங்கே அவ்வளவு இடமில்லை. நடுத்தரச் சுற்றுகளில், முக்கால் மிதியில், ஓரளவு துடிப்புக் கூடியிருப்பதை நீங்கள் உணரலாம். அதை நான் மறுக்கவில்லை. பல பெட்டிகள் பொருத்திய அன்றே பிடித்துப்போவதற்குக் காரணமும் அதுதான்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் அழுத்தச் சென்சாருக்கும் சேர்த்து இரண்டாவது கப்ளர் வைத்த பெட்டிகளும் உண்டு. அவை காற்றையும் கூட்டுவதால் பலன் சற்று அதிகம், இன்ஜினுக்கு வரும் சுமையும் அதிகம். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டும் பெட்டியாக இருந்தால், எரியாத பங்கு கரியாகவும், எரிந்தது கூடுதல் வெப்பமாகவும் வெளியேறும். சமதளத்தில் ஒரு பேருந்தை முந்த எட்டு, பத்து விநாடி அழுத்தி மிதிப்பதோடு அந்த வெப்பம் அடங்கிவிடும். வால்பாறைப் பாதையிலோ 40 கொண்டை ஊசி வளைவுகள். முக்கால் மணி நேரம் இன்ஜின் இளைப்பாறவே முடியாது. டர்போவின் சக்கரமும் பிஸ்டன் தலையும் தாங்கவேண்டிய வெப்பம் அங்கேதான் சேரும். மலையேறுவதற்காக இந்தப் பெட்டியை வாங்க நினைக்கிறீர்கள். எனக்கோ மலையேறும் வண்டிக்குத்தான் இதைப் பரிந்துரைக்கத் தயக்கம். உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு: கூடுதல் கரி, பி.எஸ். 6 வண்டிகளில் உள்ள கரிவடிகட்டியை விரைவில் அடைக்கும். அதை எரித்துத் தூய்மையாக்க வண்டி அடிக்கடி கூடுதல் டீசலைச் செலவழிக்கும். மைலேஜ் கூடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தால், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கொடைக்கானலுக்கு மளிகைச் சரக்கு ஏற்றிச் செல்லும் பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டு ஓடிய வண்டி. மூன்று மாதமாக ஏற்றத்தில் பிக்கப் இல்லை. பெட்டி போட்டால் சரியாகும் என்கிறார் ஓட்டுநர்.
வாசகர், ஒட்டன்சத்திரம்

பிக்கப் வண்டிக்குப் பிக்கப் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பொருளுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதால் வந்த வினை. உங்கள் கடிதத்தில் முக்கியமான சொல் 'மூன்று மாதமாக' என்பது. ஐந்து ஆண்டாக ஏறிய மலையை மூன்று மாதமாக ஏற முடியவில்லை என்றால், வண்டியில் எதுவோ குறைந்திருக்கிறது. குறைந்ததைத் தேடாமல் மேலே ஒன்றைச் சேர்ப்பது, ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது.

முதலில் ஏர் பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். டீசல் பில்டரை மாற்றிப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்; தண்ணீர் கலந்த டீசல் ஒருமுறை நிரப்பியிருந்தாலும் அது அடைத்துக்கொள்ளும். பிறகு டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் குழாய்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்தால் தெரியாது. இதே புகாரோடு வந்த ஒரு வண்டியில் இரண்டு பட்டறைகள் இன்ஜெக்டரையே சந்தேகித்த பின்பு, குழாயின் அடிப்பக்கத்தில் கிளிப்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்ததை நான் விரலில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கொண்டுதான் கண்டுபிடித்தேன். வண்டி நிற்கும்போது மூடிக்கொண்டும், டர்போ காற்றை அழுத்தும்போது திறந்துகொண்டும் இருந்த வெடிப்பு அது. புதுக் குழாயின் விலை, இத்தகைய பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்குதான். பிரேக் ஏதாவது ஒரு சக்கரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்: கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் வெப்பம் காட்டிக்கொடுக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், கடைசியாகச் சரக்கின் எடை. வண்டியும் சரக்கும் சேர்ந்து மூன்றரை டன் என்றால், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 43 குதிரைத்திறன் போதும். நல்ல நிலையிலுள்ள உங்கள் இன்ஜினுக்கு அது பெரிய வேலையே அல்ல. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டன்னும் இன்னும் 12 குதிரைத்திறன் கேட்கும். எந்தப் பெட்டியும் நாணயமாகத் தரக்கூடியதைவிட அது அதிகம். ஓட்டுநரிடம் எடைமேடைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் சட்டத்தில் இருக்கின்றன என்பதை அவருக்கும் நினைவூட்டலாம்.

ஆக்சிலேட்டர் பெடலின் கப்ளரில் செருகும் கருவியை என் நண்பர் போட்டிருக்கிறார். வண்டி உண்மையிலேயே பறக்கிறது. இதுவும் அதே வகைதானா?
வாசகர், ஓசூர்

இல்லை. இது இன்ஜினைத் தொடுவதே இல்லை. நீங்கள் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாக ஈ.சி.யூ.வுக்குச் சொல்லும், முழுவதும் மிதித்தால் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைப்பது ஒன்றுதான். அதே பலனை, காசு செலவில்லாமல், பாதத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தியும் பெறலாம். பின்பாரம் இல்லாத பிக்கப்பில், மழை நனைத்த வளைவில், தொட்டதும் துள்ளும் ஆக்சிலேட்டர் பின்சக்கரத்தை வழுக்கவிடும் என்பதை நண்பரிடம் சொல்லுங்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு, மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் சிப் கிடைக்கிறது. 200 கிலோமீட்டர் ஓட்டினால் நம் ஓட்டும் முறையைக் கற்றுக்கொண்டு டீசலை மிச்சப்படுத்துமாம்.
வாசகி, விருதுநகர்

அத்தகைய ஒன்றை வாங்கிப் பிளந்து பார்த்தேன். உள்ளே ஒரு சிறு சர்க்யூட், மூன்று விளக்குகள், ஒரு பொத்தான். வண்டியின் ஈ.சி.யூ.வோடு பேசவேண்டிய பின்கள் எதனோடும் இணைக்கப்படவில்லை. பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பின்கள் மட்டும் விளக்குகளுக்குப் போயின. அது கற்றுக்கொள்ள 200 கிலோமீட்டர் என்ன, 2 லட்சம் கிலோமீட்டரும் போதாது.

யாழ்ப்பாணத்தில் பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று வைத்திருக்கிறேன். டர்போ இல்லாத, 5எல் என்னும் மாடல் டீசல் இன்ஜின். எல்லா டீசலுக்கும் பொருந்தும் என்று விற்கும் பெட்டியை இதற்குப் பூட்டலாமா?
வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் இன்ஜினில் டீசலை அளந்து அனுப்புவது முழுக்க முழுக்க இயந்திரப் பம்ப். காமன் ரெயிலும் இல்லை, அதில் அழுத்தச் சென்சாரும் இல்லை. பெட்டி பொய் சொல்ல ஆளே இல்லை. நொசில்களின் திறக்கும் அழுத்தத்தைச் சோதித்து, வால்வு இடைவெளியையும் பம்ப் டைமிங்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். வயதான 5எல்-க்கு அதுவே நல்ல ட்யூனிங்.

பெட்டி போட்டால் வாரண்டி போகுமா? போலீஸ், ஆர்.டி.ஓ. தொல்லை வருமா? சர்வீசுக்கு விடும்போது கழற்றிவிட்டால் தெரியாது என்கிறார்களே.
வாசகர், திருநெல்வேலி

பெட்டியால் விளைந்த கோளாறு என்று காட்ட முடிந்தால், அந்தப் பாகத்துக்கான வாரண்டியை நிறுவனம் மறுக்கும். கழற்றிவிட்டாலும் தடயம் இல்லாமல் போவதில்லை: கப்ளரின் பூட்டுக் கொக்கியில் உள்ள கீறல், ஒயரிங்கைக் கட்டியிருந்த டேப்பின் ஒட்டு, கரிவடிகட்டி இயல்புக்கு மீறி அடிக்கடி எரித்துக்கொண்ட பதிவு ஆகியவை பழகிய கண்ணுக்குத் தெரியும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சாலையில் நிறுத்திப் பானட்டைத் திறந்து யாரும் இதைத் தேடுவதில்லை என்பது நடைமுறை. ஆனால் விபத்துக்குப் பின் வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பானட்டைத் திறந்துதான் பார்ப்பார். அறிவிக்காத மாற்றம் அன்றைக்கு எந்த வடிவில் முன்னால் வந்து நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மறைத்து வைக்கவேண்டிய பொருளை வண்டியில் வைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

ஆறு மாதத்துக்கு முன் என் டீசல் பிக்கப்பில் பெட்டி போட்டேன். இப்போது ஏற்றத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி 40-க்கு மேல் போக மறுக்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி 0087, ரெயில் அழுத்தம் குறைவு என்று வருகிறது. அழுத்தத்தைக் கூட்டும் பெட்டி போட்ட வண்டியில் அழுத்தம் எப்படிக் குறையும்?
வாசகர், தேனி

நல்ல கேள்வி. திம்பம் மலையில் நண்பர் ஒருவரின் வண்டியில் நானும் இதே நிலையில், பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடிக்க, ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றிருக்கிறேன்.

பெட்டி கலைத்து வைத்திருப்பது ஒரே ஒரு சாட்சியை. ஈ.சி.யூ. ஏமாந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும்போது, ரெயிலில் உள்ள பாதுகாப்பு வால்வு எவர் சொல்லையும் கேட்காமல் தன் ஸ்பிரிங்கின் கணக்குப்படி திறந்துகொள்ளும். திறந்ததும் டீசல் டேங்குக்குத் திரும்பி, ரெயிலில் அழுத்தம் சரிந்துவிடும். ஈ.சி.யூ.வின் பார்வையில் இது அழுத்தக் குறைவு. எனவே அந்தக் குறியீடு. உடனே இன்ஜினைக் காப்பாற்றத் திறனை வெட்டி, லிம்ப் மோடு என்னும் நொண்டி நடைக்கு வண்டியைக் கொண்டுபோகிறது. அணைத்துப் போட்டால் வால்வு மூடிக்கொள்வதால் சரியானதுபோல் தோன்றுகிறது.

அடைத்த டீசல் பில்டரும் தேய்ந்த பம்ப்பும் இதே குறியீட்டைத் தரும். ஆகவே முதலில் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, அதாவது ரெயிலில் அழுத்தம் முழுவதும் வடிந்த பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றுங்கள். டீசல் குழாய்களின் நட்டுகளில் கை வைக்க வேண்டாம். சென்சார் கப்ளரைச் செருகும்போது, உள்ளே உள்ள ரப்பர் வளையம் பெட்டியின் கப்ளரோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டதா என்று பாருங்கள்; போயிருந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கி வேறு கோளாறு காட்டும். டீசல் பில்டரை மாற்றி, குறியீட்டை அழித்து, அதே ஏற்றத்தில் அதே பாரத்தோடு ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் பி 0087 வந்தால், ரெயில் பாதுகாப்பு வால்விலிருந்து திரும்பும் குழாயில், இன்ஜின் ஓடும்போது டீசல் கசிந்து வருகிறதா என்று பம்ப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். பலமுறை திறந்த வால்வு சில இன்ஜின்களில் முழுமையாக மூடுவதில்லை. அதை மாற்றத்தான் வேண்டும்.