மறுகால் எங்கே என்று கேட்டீர்களா? குமரி மாவட்டத் தண்ணீர்க் கேள்விகளுக்குப் பதில்

பாசனப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன், பாதி நாள் குளத்தங்கரையில்தான். பட்டா, கேஸ், கோர்ட் எல்லாம் வக்கீலிடம் கேளுங்கள். தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள்.

பார்வதிபுரம்: அண்ணாச்சி, இருபது வருஷமாக எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதில்லை. 2021 நவம்பர் மழைக்கு முட்டளவு நின்றது, அதிலிருந்து நல்ல மழை பெய்தாலே நிற்கிறது. ஓடையைத் தூர்வாரினால் சரியாகுமா?

கொஞ்சம் சரியாகும், முழுசா ஆகாது. நம்ம ஊர்க் குளங்கள் தனித்தனிக் குளங்கள் இல்லை. மேல்குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து, அதாவது மிச்சத் தண்ணீர் கரையோரத்தில் இருக்கிற தாழ்வான கல்கட்டு வழியே வழிந்து, அடுத்த குளத்துக்கு வரும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படியே இறங்கிக் கடைசியில் பழையாற்றிலோ வள்ளியாற்றிலோ சேரும். இரண்டு குளத்துக்கு நடுவில் இருக்கிற வயல்தான் இதில் முக்கியம், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வரப்பு கட்டிய ஒரு ஏக்கர் வயலில் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஆறு லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் ஐம்பது லாரி. அந்த ஐம்பது லாரித் தண்ணீரை வயல் ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருந்து மெதுவாக விடும். அதே ஏக்கரை மண் போட்டு மூன்றடி உயர்த்தி, வீடு கட்டி, முற்றத்துக்கு சிமெண்ட் கல்லும் பதித்தால் அத்தனையும் ஒரு மணி நேரத்தில் ரோட்டுக்கு வந்துவிடும். ரோட்டிலிருந்து எங்கே போகும்? இன்னும் உயர்த்தாத வீட்டுக்கு. இருபது வருஷத்துக்கு முன் கட்டியதால் இப்போது உங்கள் தெருதான் பள்ளம்.

2011 கணக்கெடுப்பின்படி நம்ம மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள், சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். ஆனால் ஊர் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. தனியாக வடிகால் கட்டிய ஊரும் இல்லை இது. வயலும் குளமும்தான் நமக்கு வடிகாலாக இருந்தன. சரி, தூர்வாரச் சொல்லி மனு கொடுங்கள், கூடவே ஓடையின் அகலத்தைப் புலப்படத்தில் (சர்வே அளவு வரைபடம்) பார்த்து டேப் வைத்து அளந்து பாருங்கள். படத்தில் இருக்கிற அகலம் தரையில் இருக்காது.

சுங்கான்கடை பக்கம்: குளத்திலிருந்து இருநூறு மீட்டரில் ஐந்து செண்ட் மனை, அப்ரூவ்டு என்கிறார்கள். வாங்கலாமா?

மறுகால் எந்தப் பக்கம் என்று கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். கரைக்கு வெளியே மறுகால் பாயும் திசையில் இருந்தால் ஐந்து செண்டும் வேண்டாம், அரை செண்டும் வேண்டாம். அப்புறம் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் நஞ்சையா புஞ்சையா பாருங்கள், ஒட்டின சர்வே எண்ணில் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு உண்டா என்றும் பாருங்கள், இரண்டும் ஆன்லைனிலேயே கிடைக்கும். 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட அனுமதியில்லாத மனைகளை வரன்முறை செய்ய 2017ல் விதி வந்தது. அப்படி வரன்முறை ஆன மனையையும் "அப்ரூவ்டு" என்றுதான் சொல்லி விற்பார்கள். முத்திரை குத்தினால் பள்ளம் மேடாகாது. மனையை ஏப்ரலில் போய்ப் பார்க்காதீர்கள். ஐப்பசியில், மழை பெய்த மறுநாள் காலையில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

திங்கள்சந்தை: எங்கள் மனை குளத்திலிருந்து முந்நூறு மீட்டர்...

மேலே சொன்னதுதான். மறுகால்.

ராஜாக்கமங்கலம் துறை: கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. போர் போட்டு இன்னும் ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?

வேண்டாம் தாயி. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, பால் மேல் ஆடை மாதிரி. ஆழமாகத் துளைத்து மோட்டார் வைத்து இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறி வரும். உங்கள் பாட்டி காலத்துக் கிணறு ஏன் அகலமாகவும் ஆழமில்லாமலும் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஏதாவது விடுதியோ ஐஸ் கம்பெனியோ பெரிய மோட்டார் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. கூரை மழைத்தண்ணீரை அந்தப் பழைய கிணற்றில் விடுங்கள், இரண்டு மழைக்காலம் பொறுத்தால் வித்தியாசம் தெரியும்.

மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரை மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்கள். இந்த மணலால்தான் புற்றுநோய் வருகிறதா?

என் துறை இல்லை, அதை மருத்துவரிடம் கேளுங்கள். மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும் அதில் தோரியம் என்ற கதிர்வீச்சுத் தனிமம் இருப்பதும் இயற்கை, யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை. 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடிக்கும். இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கில் வெளிச்சம் தருகிற மேன்டில் வலைக்கு அந்தத் தோரியம் தேவைப்பட்டது. மணலை அள்ளினால் கரை என்ன ஆகும் என்று கேளுங்கள், அதற்கு நான் பதில் சொல்லலாம்.

தக்கலை: நான்குவழிச் சாலை வந்தபிறகுதான் வயலில் தண்ணீர் வடியவில்லை என்கிறார்கள். உண்மையா, சும்மா அரசியலா?

சரிவுக்குக் குறுக்கே பத்தடி உயரத்தில் மண் போட்டால் அதற்கு ரோடு என்று பெயர் வைத்தாலும் அது கரைதான். கரைக்கு மடை வேண்டும். பாலமும் குழாயும் எத்தனை வைத்தார்கள் என்று எண்ணினால் மட்டும் போதாது, குழாயின் அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வயல் மட்டத்துக்கு ஒரு அடி மேலே வைத்துவிட்டால் அந்த ஒரு அடித் தண்ணீர் அங்கேயேதான் கிடக்கும், கன்னிப்பூவும் போகும், கும்பப்பூவும் போகும், வருஷத்து இரண்டு நெல் போகமும் போச்சு. குழாய் வாயருகே ஒரு கம்பு நட்டு, அடிமட்டத்துக்கும் வயலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துப் போட்டோவோடு மனு கொடுங்கள். "தண்ணீர் நிற்கிறது" என்று மட்டும் எழுதினால் ஃபைலில்தான் கிடக்கும்.

பூதப்பாண்டி: பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்களை வயல் காக்கச் சொல்வது சுலபம். நடவுக்கு ஆள் இல்லை, அறுப்பு மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, நெல் விற்ற காசு உரத்துக்கே சரி. பத்து செண்ட் விற்றால் பிள்ளை கல்யாணம் முடிகிறது. நான் ஏன் விற்கக்கூடாது?

கோபம் நியாயம் மக்கா. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் உங்கள் கூலிக் கணக்கைக் கேட்டதில்லை. விற்காதே என்று நான் சொல்லவில்லை. பார்வதிபுரத்துக்காரருக்காக உங்கள் வயல் ஐம்பது லாரித் தண்ணீர் சுமக்கிறது, அதற்கு ஒரு பைசா கூலி உங்களுக்குக் கிடையாது. தண்ணீர் தாங்குகிற வயலுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாநகராட்சி கொடுத்தால் என்ன? சாலைக்கு இழப்பீடு கொடுக்கத் தெரிகிறதல்லவா!

இரணியல் (குறுக்கே): அண்ணாச்சி, அதெல்லாம் நடக்கிற காரியமா? மலையை உடைத்து லாரி லாரியாகக் கேரளாவுக்குக் கல் போகிறது, அதைப் பேசாமல் வயல்காரனைப் பேசுகிறீர்களே.

பேசுவோம். மலை அடிவாரத்தில் குவாரி வந்தால் கல்தூளும் மண்ணும் முதல் மழைக்கு ஓடையில் இறங்கும், ஓடை தூர்ந்தால் குளம் தூரும், நம்ம கதை மறுபடி தொடங்கும். அது வேறு கேள்வி இல்லை, இதே கேள்விதான்.

பூதப்பாண்டி (மறுபடி): சரி, உங்கள் வீடு எங்கே இருக்கிறது?

இதை யாராவது கேட்பார்கள் என்று தெரியும். வயலில்தான். 1994ல் ஆறு செண்ட், பதினெட்டு லோடு செம்மண் போட்டு உயர்த்தினேன். அப்போது நான் வேலையில் இருந்தவன், எனக்கே மறுகால் எங்கே என்று தெரியும், விலை குறைவு என்று வாங்கினேன். 2021ல் ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறை ஓட்டை வழியே தண்ணீர் மேலே வந்தது. விடியும்போது அடுப்படியில் கேஸ் சிலிண்டர் மிதக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு சாண் நீளத்தில் ஒரு குறவை மீன். என் மனைவி அதைப் பிடித்து வாளியில் போட்டு, "உங்க குளத்துல இருந்து ஆள் வந்திருக்கு" என்றாள். முன்னே அந்தப் பக்கம் வாய்க்கால் இருந்தது, அது வழி மறக்கவில்லை. எனவே எனக்கு யோக்கியதை இல்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மனை வாங்காதே என்று சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் யார்?

நாகர்கோவில்: வலம்புரிவிளைக் குப்பைக்கிடங்கு ஏன் அடிக்கடி எரிகிறது?

ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் கலந்து மலையாகக் குவிந்தால் உள்ளே வாயு சேரும், பற்றிக்கொள்ளும். உங்கள் வீட்டில் பிரித்துக் கொடுக்கிறீர்களா?

சுசீந்திரம்: சுசீந்திரம்-தேரூர் சதுப்பு நிலம், வேம்பனூர் இரண்டும் 2022ல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் வந்துவிட்டதே. இனி கவலை இல்லைதானே?

பறவைக்குக் கவலை குறையலாம். அதில் சேர்கிற சாக்கடைக்குப் பட்டியல் படிக்கத் தெரியாது.

கருங்கல்: குளம் பக்கத்தில் ஏழு செண்ட்...

ஐயா, மூன்றாவது தடவை. மறுகால்.

ஆளூர்: கடைசிக் கேள்வி. பழைய மறுகாலைத் தரையில் எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது எல்லாம் வீடாக இருக்கிறதே.

இப்படிக் கேளுங்கள்! குளக்கரையில் ஏறி நடங்கள், கரையின் ஒரு ஓரத்தில் கல் கட்டிய தாழ்வான இடம் இருக்கும், அதன் மேல் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் மறுகால். அங்கே நின்று கீழே பாருங்கள். வரிசையில் தென்னை நிற்கும், தாழம்புதர் மிச்சம் இருக்கும், அல்லது எந்தக் காரணமும் இல்லாமல் வளைந்து போகிற ஒரு தெரு இருக்கும். அந்த வளைவு வாய்க்காலுடையது. அதோடு நடந்து போங்கள், எந்த வீட்டு மதிலில் போய் முட்டுகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.