மகள் வேலையை விடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

பேறுகால விடுப்பு முடியப்போகிறது, மகள் வேலையை விடுகிறேன் என்கிறாள், இவ்வளவு படிக்கவைத்தது வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. குழந்தையோடு இருக்க அவளே மனதார விரும்பினால் அது நல்ல முடிவுதான். அதற்காக யார் முன்னாலும் அவள் கூனிக்குறுக வேண்டியதில்லை. ஆனால், "சம்பளத்தில் பாதிக்கு மேல் குழந்தைகள் காப்பகத்துக்கே போய்விடும், அப்புறம் எதற்கு வேலை?" என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

காப்பகச் செலவை அவள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்க வேண்டும்? குழந்தை இரண்டு பேருக்கும்தானே. இருவர் சம்பளத்தையும் கூட்டி, அதில் கழித்துப் பாருங்கள். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கினால் அந்தச் செலவு குறைந்துவிடும். இப்போது கைவிட்டுப்போகும் ஊதிய உயர்வும் ஓய்வுக்காலச் சேமிப்பும் அப்படியல்ல, அந்த இழப்பு கடைசிவரை தொடரும். 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியதும் இதைத்தான். பணக்கார நாடுகளில் ஒரே தொழிலில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலான வருமான இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தைக்குப் பிறகே உருவாகிறது.

அதனால் ராஜினாமா கடிதம் கடைசியாக இருக்கட்டும். முதலில் சம்பளமில்லா விடுப்பு, குறைந்த நேர வேலை, வீட்டிலிருந்து வேலை ஆகியவற்றைக் கேட்கட்டும். வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லி மறந்துவிடுவார்கள். எந்தத் தேதி முதல் எதுவரை, எந்தப் பொறுப்பை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று மின்னஞ்சலில் எழுதினால்தான் பேச்சு நகரும்.

அப்படியும் விடுவதென்றால் சரி, விடட்டும். அனுபவச் சான்றிதழையும் சம்பளச் சீட்டுகளையும் வெளியேறும் முன்பே வாங்கிவிட வேண்டும். அவள் பெயரிலுள்ள கணக்கில் மாதாமாதம் ஒரு தொகை விழ வேண்டும், இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். மீண்டும் வேலை தேடும்போது இடைவெளியை மறைக்க வேண்டாம். வேலை அனுபவத்தைப் பதிவிடும் லிங்க்ட்இன் இணையதளத்திலேயே 2022 முதல் அதைக் குறிப்பிடத் தனி இடம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் மருமகனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரவில் குழந்தை அழுதால் யார் எழுந்திருக்கிறார், காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பார் என்பதை அவரும் உட்கார்ந்து பேசட்டும். பிறகு இருவரையும் சேர்ந்தே என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.