அந்த 14,000 யாருடைய பேட்டா?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. சங்ககிரியில் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுகிறேன். டெல்லி நடை ஒன்று போய்த் திரும்ப 18, 20 நாள் ஆகும். எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் கையில் நிற்கிறது. இப்போது ஒரு பார்சல் கம்பெனியில் சேலம் - மாதவரம் இரவு வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 20,500, அதில் பேசிக் 15,000. ஓட்டுகிற இரவுக்கு 250 பேட்டா, மாதம் 24 இரவு. பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு, வாரம் ஒரு நாள் லீவு. வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். வருமானம் இவ்வளவு குறைந்தால் தாங்குமா? இரண்டு வருடமாக ஓனர் செகண்டு டிரைவர் போடுவதில்லை, அந்தப் பேட்டா 14,000-மும் எனக்கே வருகிறது. வீட்டில் மட்டும் இப்போதும் இரண்டு டிரைவராகப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல முடிவு சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், சங்ககிரி

பதில்: தம்பி, பேசிக் எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்று வரிசையாக எழுதிவிட்டு, செகண்டு டிரைவர் இல்லாததைப் போகிற போக்கில் கடைசியில் சொருகியிருக்கிறீர்கள். நான் அதைத் தாண்டி நகர்வதாக இல்லை.

லாரிக்காரர் வீடுகளிலிருந்து இந்தப் பகுதிக்கு நிறையக் கடிதம் வரும். பெரும்பாலும் மனைவிமார் எழுதுவது. "நல்லாத்தான் சம்பாதிச்சாருங்க" என்று ஆரம்பித்தால் மேற்கொண்டு படிக்காமலே எனக்கு விஷயம் புரிந்துவிடும். உங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒன்று வர வேண்டாம் என்றுதான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நீங்கள் 40,000 சம்பாதிக்கவில்லை, 26,000 சம்பாதிக்கிறீர்கள். மீதி 14,000 இன்னொரு ஆள் ஸ்டீயரிங் பிடித்து நீங்கள் பின்னால் படுத்துத் தூங்கியிருக்க வேண்டிய நேரத்தின் விலை. பார்சல் கம்பெனியில் சம்பளமும் பேட்டாவும் சேர்ந்தால் 26,500. பி.எப்.புக்கு 1,800, இ.எஸ்.ஐ.க்கு 154 ரூபாய் போகப் பாக்கி 24,500-க்குக் கொஞ்சம் மேலே கைக்கு வரும். பிடித்த 1,800 உங்கள் பெயரில்தான் சேர்கிறது. கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். அதில் 1,250 பென்ஷனுக்குப் போகும், 10 வருடம் நிலைத்தால் 58 வயதில் மாதாமாதம் கிடைக்கும். ஒரு ஆள் வேலைக்கு ஒரு ஆள் கூலி என்று பார்த்தால் புது வேலை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

உங்கள் ஓனர் சட்டத்தை மீறுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்று முன்பு விதி இருந்தது. 2018 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் 1961-இல் மோட்டார் தொழிலாளர் சட்டம் போட்டபோதே நாளுக்கு 8 மணி நேரம், தொலைதூர வண்டிக்கு அனுமதி வாங்கினாலும் 10 மணி நேரம் என்று வரம்பு கட்டினார்கள். டெல்லி இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேலே. நாக்பூர் தாண்டி விடியற்காலை மூன்று மணிக்குக் கண் எரியும்போது முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு எத்தனையாவது மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

தெரிந்ததால்தானே வீட்டில் மறைத்தீர்கள்? ஆபத்து இல்லை என்று நினைத்திருந்தால் முதல் மாதமே, "14,000 கூட வருது" என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பீர்கள். ராத்திரி போன் பேசும்போது, "அந்தண்ணன் ஓட்டறாரா, நீங்க தூங்குங்க" என்று அந்தப் பெண் சொல்லியிருப்பாள். இல்லாத ஒரு ஆளை நம்பி இரண்டு வருடமாக அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. நான் பழைய ஆள், சம்பாதித்துப் போடுவது ஆணின் கடமை என்கிற பேச்சில் எனக்குப் பெரிய சண்டை கிடையாது. ஆனால் அந்தச் சம்பாத்தியம் எப்படி வருகிறது என்று கட்டினவளுக்குத் தெரியாத குடும்பத்தை நான் குடும்பம் என்று சொல்ல மாட்டேன். லிண்டல் வரை வந்த வீட்டுக்கு மேலே கூரை போட அவசரம் என்கிறீர்கள். அந்த வீட்டில் நீங்கள் மாதத்தில் எத்தனை ராத்திரி படுப்பீர்கள்?

சொல்ல வாய் வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தூக்கத்தில் வண்டி போய் முன்னால் நிற்கிற டிரெய்லரில் மோதினால் தப்பு உங்கள் பேரில் எழுதப்படும். உங்கள் குடும்பம் தொழிலாளர் இழப்பீட்டுக் கணக்கில்தான் கேட்க முடியும். அதில் நீங்கள் 40,000 வாங்கினீர்கள் என்று நிரூபித்தாலும் மாதச் சம்பளம் 15,000 என்ற உச்சவரம்புக்கு மேல் எடுக்க மாட்டார்கள். நோட்டில் எழுதிப் பேட்டா கொடுக்கிற இடத்தில் அந்த 15,000-ஐ நிரூபிப்பதே பெரும்பாடு. இ.எஸ்.ஐ.யில் இருந்தால் வேலை விபத்தில் இறந்தவரின் சம்பளத்தில் 90 சதவீதம் வரை குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகையாகப் பிரித்துக் கொடுப்பார்கள்.

சரி, புது வேலை சொர்க்கமா? அதுவும் இல்லை. எல்லாம் ராத்திரி ஓட்டம், தூக்கம் முழுக்கப் பகலில். மே மாதம் மாதவரத்தில் வண்டி கேபினுக்குள் படுக்கச் சொல்வார்களா, மின்விசிறியோடு ஒரு ஹால் கொடுப்பார்களா என்று போய்க் கண்ணால் பாருங்கள். அங்கே ஓட்டுகிறவர்களிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், லேட்டானால் பேட்டாவில் பிடிக்கிறார்களா என்று. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கம்பெனி பெயரில் வருகிறதா, நடுவில் கான்ட்ராக்டர் இருக்கிறாரா என்பதும் முக்கியம். கான்ட்ராக்டர் மாறும்போது பி.எப். கணக்கு அந்தரத்தில் நின்ற கதை நிறைய உண்டு. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000. உங்கள் சம்பளம் அதற்கு 500 ரூபாய் கீழே நிற்கிறது, கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தாலே வெளியே போய்விடுவீர்கள். அப்போது வேறு மருத்துவக் காப்பீடு தருவார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இந்த நடை முடிந்து வந்ததும் ஓனரிடம், "அடுத்த நடைக்குச் செகண்டு டிரைவர் போடுங்க, அந்தப் பேட்டா எனக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். போட்டால் 26,000-ஐயும் 26,500-ஐயும் பக்கத்தில் வைத்து யோசிக்கலாம். போட மாட்டேன் என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை, சேலத்துக்குப் போய் ஆர்டரைக் கையில் வாங்குங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, செட்டில்மென்ட் நோட்டை மனைவி கையில் கொடுங்கள். எந்தப் பேட்டா யாருடையது என்று வரி வரியாகச் சொல்லுங்கள். திட்டுவாள், அழுவாள், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் 40,000-இலிருந்து 14,000-ஐக் கழிக்கிற கணக்கை அவளே போடட்டும்.