நூறு பக்கங்கள், எத்தனை சான்றுகள்?

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்காகத் திருக்கோணேச்சரம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட வரலாற்றை எழுதுகிறேன். கூகுளில் தேடினால் சில பக்கங்கள் 1622 என்றும் சில 1624 என்றும் கூறுகின்றன. 1622 என்பதே அதிகம் வருவதால் அதையே எடுத்துக்கொள்ளலாமா? ஆய்வுத் தரவுத்தளங்களில் எவ்வாறு தேடுவது?
– வாசகி, உப்புவெளி

பதில்: அதிகம் வருகிறது என்ற காரணத்துக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இணையத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போடுவது வழக்கமாகையால், எத்தனை பக்கங்கள் சொல்கின்றன என்று எண்ணுவதை விட்டு, அவை எங்கிருந்து எடுத்தன என்று பின்னோக்கிச் சென்றால் பெரும்பாலும் ஓரிரு நூல்களிலேயே போய் நிற்பீர்கள். போர்த்துக்கேயர் காலத்தைப் பொறுத்தவரை அவ்வாறு அடிக்கடி சென்று சேரும் இடம், இலங்கையைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய வரலாற்றைச் சொல்லும் குவேறோஸ் பாதிரியாரின் நூல். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவிலிருந்து அவர் எழுதிய அந்நூலை எஸ். ஜி. பெரேரா ஆங்கிலத்தில் பெயர்த்து 1930இல் கொழும்பில் வெளியிட்டார். நிகழ்வுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிந்திய, அதுவும் போர்த்துக்கேயர் தரப்பில் நின்று எழுதிய ஒருவரின் கூற்று அது என்பதை மறவாமல் வாசியுங்கள்.

ஆண்டைச் சரிபார்க்கக் கோயிலைப் பற்றியே தேடிக்கொண்டிராமல் ஆளைப் பற்றியும் தேடலாம். இடிப்போடு சேர்த்துப் பேசப்படும் கொன்ஸ்தந்தீனு டி சா, 1618இலும் பின்னர் 1623இலும் இருமுறை இலங்கையில் போர்த்துக்கேயரின் தளபதியாகப் பதவியேற்றவர். இடையில் ஜோர்ஜ் டி அல்புகேர்க் அப்பதவியில் இருந்தார். ஆகவே ஒரு கட்டுரை ஓர் ஆண்டையும் டி சாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுமானால், அந்த மாதத்தில் அவர் பதவியில் இருந்தாரா என்று முதலில் பாருங்கள். கோயில் இடிக்கப்பட்ட ஆண்டும் அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டப்பட்ட ஆண்டும் ஒன்றோடொன்று குழம்பியிருக்கலாம் என்பது என் ஊகம். நீங்களும் எழுதுவதானால் ஊகம் என்றே எழுதுங்கள்.

தேடும் முறையில், முழுக் கேள்வியையும் தட்டச்சிடுவது பயன் தராது. பழைய நூல்களில் நம் ஊரான திருகோணமலையின் பெயர் திரிங்கோமலி, திரிங்கொனமலி, திரிக்கிலிமலே என்று பலவாறு வருவதால், அவற்றை ஆங்கிலத்தில் எழுதி, 'அல்லது' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் இடையிடையே இட்டுத் தேடுங்கள். இரு சொற்கள் அடுத்தடுத்து வரவேண்டுமானால் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அதனைப் பின்னர் மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலுக்கு இணைப்பு உண்டு. ஒரு கூற்றை யார் மறுத்தார்கள் என்பதை அறிய அதைவிட விரைவான வழி இல்லை. தமிழ் நூல்களுக்கும் கோயில் மலர்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தை நாடுங்கள். அங்குள்ள பல நூல்கள் படமாக வருடப்பட்டவை என்பதால் உள்ளடக்கத்தைத் தேடுவதைவிடத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு கொண்டு தேடுவதே பலன் தரும்.

இன்னொன்று: திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லிலுள்ள, 'முன்னே குளக்கோட்டன்' எனத் தொடங்கிக் கோயிலின் இடிப்பைப் பற்றிச் சொல்லும் சாசனம் இணையத்தில் முழுப் பாடலாக உலவுகிறது. கல்லிலோ சிதைந்த சில வரிகளே எஞ்சியுள்ளன. விடுபட்டதை நிரப்பியவர் யார், எந்த ஏட்டைக் கொண்டு நிரப்பினார் என்று காட்டாமல் முழுப் பாடலையும் கல்வெட்டு வாசகமாகத் தந்தால், பரீட்சகர் முதலில் கைவைப்பது அந்த இடத்தில்தான். உப்புவெளியில் இருக்கும் நீங்கள் ஒருநாள் நேரில் சென்று, வாசிக்க முடிகிற எழுத்துகளை மட்டும் குறித்துக்கொண்டு, அச்சில் வந்த வாசிப்புகளோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: நல்ல கட்டுரைகள் எல்லாம் பணம் கேட்கின்றனவே?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: எல்லாம் கேட்பதில்லை. ஆய்விதழ்களின் இணையத் தரவுத்தளமான ஜேஸ்டோரில் (JSTOR) இலவசக் கணக்குத் திறந்தால் பெருந்தொகையான கட்டுரைகளைத் திரையில் வாசிக்கலாம். கூகுள் ஸ்கொலரில் ஒரு கட்டுரையின் பிற பதிப்புகளைக் காட்டும் இணைப்பைத் திறந்தால், ஆசிரியரே பதிவேற்றிய இலவசப் பிரதி கிடைப்பதும் உண்டு. அதுவும் இல்லையேல் கட்டுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.